ஊராட்சிப் பணத்துக்கு ஓர் ஏலச்சீட்டு

ஊராட்சி மன்றத் தலைவர் ஆவதற்கு முன்னால் நான் சீட்டு நடத்திக்கொண்டிருந்தேன். கம்பெனிச் சீட்டு அல்ல. எங்கள் தெருப் பெண்களும் பக்கத்துத் தெருப் பெண்களும் சேர்ந்து போடும் ஏலச்சீட்டு. மாதம் பிறந்தால் என் வீட்டுக் கூடத்தில் பாய் விரிப்பேன், காபி போடுவேன், ஏலம் விடுவேன். எல்லோருக்கும் பணம் தேவைதான். ஆனால் யாருக்கு அவசரமோ அவள், "எனக்கு இவ்வளவு குறைச்சுக் குடுத்தாப் போதும்" என்று தள்ளுவாள். அதிகம் தள்ளியவளுக்கு அந்த மாதச் சீட்டு. அவள் தள்ளியதை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். யாராவது கட்டவேண்டிய பணத்தைக் கட்டாமல் இழுத்தடித்தால், அவள் வாசலில் போய் நின்று நான் போடுகிற சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிடும். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் பஸ்ஸில் ஏறி நடுவழியில் இறங்கினால் எங்கள் ஊர். அங்கே யாரைக் கேட்டாலும் என் வாயைப் பற்றிச் சொல்வார்கள்.

எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னவர் என் கணவர்தான். அவர் போட்ட கணக்கு வேறு. நான் கையெழுத்துப் போடுவேன், அவர் தலைவராக இருப்பார். அதற்காக வெள்ளைச் சட்டைகள் தைத்து, கஞ்சி போட்டுத் தயாராக வைத்திருந்தார். முதல் கூட்டத்தன்று எனக்கு முன்னால் போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எழுந்துகுங்க" என்றேன்.

"இன்னாடி, சும்மா ஒக்காந்து பாத்தேன்..."

"பாத்துட்டீங்க இல்ல? எழுந்துகுங்க."

எழுந்துவிட்டார். அந்தச் சட்டைகளைப் பிறகு சொந்தக்காரர்கள் கல்யாணங்களுக்குப் போட்டுத் தீர்த்தார்.

பதவிக்கு வந்த கொஞ்ச நாளில் தலைவர்களுக்கெல்லாம் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். திருத்தணியில் மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம். தேதி குறித்த புண்ணியவான் யாரோ தெரியாது, சரியாகக் கிருத்திகையில் வைத்துவிட்டார். வெளியே காவடியும் பம்பையும் போகிறது. உள்ளே சென்னையிலிருந்து வந்த ஒரு அதிகாரி திரையில் படம் காட்டி, பட்ஜெட் போடும் முறையே மாறிவிட்டது என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர். தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார். இத்தனை காலம் எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்பதைத் தலைநகரத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்; இனி ஊரே உட்கார்ந்து திட்டம் போடும்; அதைக் கணினியில் ஏற்றினால் அதன்படி பணம் வரும்; நிதி அதிகாரம் இனி உங்கள் கையில் என்றார்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு பார்த்தால், காலையில் தலைமுடியோடு இருந்த தலைவர்களில் பாதிப் பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வந்ததுதான் வந்தோம், வேண்டுதலையும் முடித்துவிடலாம் என்று மலையேறி இறங்கியிருக்கிறார்கள். அதிகாரிக்கு யார் யார் என்றே தெரியவில்லை. "காலையில இவர் இருந்தாரா?" என்று ஒவ்வொருவரையும் பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்துத்தான் வருகையைப் பதிவு செய்தார்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார் அதிகாரி. ஒரு மொட்டை எழுந்தது.

"சார், இதுவரிக்கும் பட்ஜெட் மேலேர்ந்து கீழ வந்துகினு இருந்துது. இனிமே கீழேர்ந்து மேல போவும். அப்படித்தானங்க?"

"கரெக்ட்! அதுதான் சீர்திருத்தம்."

"துட்டு எங்கேர்ந்து வரும் சார்?"

அதிகாரி கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அது மேலேர்ந்துதான்" என்றார்.

அதற்கப்புறம்தான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. வருகிற பணத்தில் ஒரு பகுதி கட்டுப்பட்ட நிதியாம். குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவு செய்யலாம். மீதிதான் கட்டுப்படாத நிதி, நம் இஷ்டம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சம்பளத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கத்தரிக்காய் வாங்கு, வெங்காயம் வாங்காதே என்று கூடவே கடைக்கு வருகிற புருஷனை எனக்குத் தெரியும். வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். எழுந்து இதைச் சொல்லியும்விட்டேன். மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். ஆனாலும் போட்ட கட்டு அவிழவில்லை.

அந்தக் கட்டுப்படாத பணத்தை என்ன செய்வது என்பதுதான் அடுத்த தகராறு.

எங்கள் ஊரில் எதையும் நீங்கள் முழுதாகப் பார்க்க முடியாது. நெசவுத் தெருவில் சாக்கடை உண்டு. தெரு முடிவதற்கு நாலு வீடு முன்னால் அது முடிந்து, ஐந்தாவது வீட்டு வாசலில் தேங்கி நிற்கும். பெரிய தெருவில் சிமெண்டு ரோடு உண்டு. பாதி தூரம் செருப்போடு நடக்கலாம், மீதிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பஸ் நிறுத்தத்துக்குக் கூரை உண்டு, உட்காரப் பெஞ்சு கிடையாது. காரணம் ஒன்றே ஒன்றுதான். வந்த பணத்தை எந்தக் காலத்திலும் தெருவுக்குத் தெரு சமமாகப் பங்கு போட்டுவிடுவார்கள். பங்கு பிரிப்பதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. ஒரு தெருவுக்கு ஒரு மூட்டை சிமெண்டு கூடிப்போனால் அடுத்த திருவிழாவில் தேர் நகராது.

பயிற்சிக்குப் பிறகு கூடிய மன்றக் கூட்டத்திலும் அதேதான். துணைத் தலைவர் எனக்குப் பாவா முறை. என் கணவரின் பெரியப்பா மகன். ஊரில் பெரிய நிலக்காரர். மீசை, குரல், மோட்டார் சைக்கிள் எல்லாமே பெரிது. "வழக்கம்போல சமமா பிரிச்சுடும்மா, வம்பே வேணாம்" என்றார். நெசவுத் தெரு உறுப்பினர் வீட்டில் தறி வைத்து லுங்கி நெய்பவர். பிரிப்பதானால் இப்போதே பிரிக்கலாம், தறியில் பாவு நூல் காத்துக்கொண்டிருக்கிறது என்றார். ஊராட்சிச் செயலர், பாவம், தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே வியர்க்கிற மனிதர், ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தார்.

ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். ஏரிக்கோடித் தெரு உறுப்பினர். எங்கள் ஏரி நிரம்பி வழிந்தால், கோடி போகிறது என்போம். அந்தத் தண்ணீர் போகிற கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது அவள் தெரு. கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். அவளுக்கு என் வயதுதான். வாய்ச் சண்டையில் எனக்குச் சளைத்தவள் இல்லை. சீட்டுப் பணத்துக்காக ஒருமுறை மோதிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பி வந்திருக்கிறேன். ஆனால் மன்றத்துக்குள் வந்தால் வாயே திறக்க மாட்டாள். நடவுக்கும் அறுப்புக்கும் அவள் போவது பாவாவின் நிலத்துக்கு. கூலி கொடுக்கிறவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு என்ன பேசுவாள்?

கூட்டம் முடிந்து என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"க்கா, பங்கு போட்டா எங்க தெருவுக்கு ரெண்டு சிமெண்டு குழாய்தான் வரும். அத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? எனக்குப் பாலம் வேணும்."

"ஏன், இப்ப இன்னா அவசரம்?"

"எம் பொண்ணு முழுகாம கீறா. ஐப்பசியில நாளு."

அவ்வளவு சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியும். அந்தப் பெண்ணின் முதல் பிரசவமும் ஐப்பசியில்தான். ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அவளைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, இடுப்பளவு ஓடுகிற தண்ணீரில் ஆண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடுக்கால்வாயில் ஒருவனுக்குக் கால் வழுக்கி, கட்டில் சாய்ந்து, பெண் தண்ணீருக்குள் போய் வந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய விஷயம். மருமகன் லாரி ஓட்டுகிறான், பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. அதனால் இந்தப் பிரசவமும் அம்மா வீட்டில்தான். மறுபடியும் அந்தக் கட்டிலா என்று கேட்டு அந்தப் பெண் ராத்திரியெல்லாம் அழுகிறாளாம்.

 வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. சமமாகப் பிரித்தால் பாலம் கிடையாது. அவளுக்கு மட்டும் கொடு என்றால் மற்றவர்கள் விடமாட்டார்கள். கூடத்தில் சுருட்டி வைத்திருந்த பாய் கண்ணில் பட்டபோதுதான் வழி தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் சொன்னேன்: "இனிமே பங்கு கிடையாது. சீட்டு. ஒரு தவணைப் பணம் வந்தா ஒரு தெரு மொத்தமா எடுத்துக்கும். வேலைய முழுசா முடிச்சிக்கும். அடுத்த தவணை அடுத்த தெருவுக்கு. எந்தத் தெருவுக்கு மொதல்லன்றதுக்கு ஏலம்."

சென்னை அதிகாரி ஒரு நாள் முழுக்கப் படம் காட்டியும் புரியாத விஷயம் எங்கள் ஆட்களுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சீட்டுப் போடாத வீடு எங்கள் பக்கம் உண்டா? "தள்ளு உண்டா?" என்றுதான் முதல் கேள்வி. உண்டு என்றேன். ஒரு தெரு எவ்வளவு குறைத்து எடுக்கிறதோ, அந்த மிச்சம் மற்றத் தெருக்களுக்கு. எல்லோர் முகமும் மலர்ந்தது. செயலர் மட்டும் மெல்ல, "அம்மா, தீர்மானத்துல சீட்டுன்னு எழுதலாங்களா?" என்றார். முன்னுரிமை என்று எழுதச் சொன்னேன். அவருக்கு உயிர் வந்தது.

ஏலம் தொடங்கியது. நானும் வழக்கம்போல ஒரு தரம், ரெண்டு தரம் என்று உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன்.

நெசவுத் தெருக்காரர் சாக்கடைக்கு மூடி வேண்டாம், தள்ளுகிறேன் என்றார். பாவா விடுவாரா? தன் ரோட்டில் ஓரம் கட்டும் செலவைத் தள்ளினார். எல்லோரும் ஏரிக்கோடித் தெருக்காரியைப் பார்த்தார்கள். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த மன்றத்தில் வாயைத் திறந்தாள்.

"பாலத்துக்குக் கைப்பிடிச் செவுரு வேணாம். தள்ளிக்கிறேன்."

பாவாவுக்கு விளையாட்டு சூடுபிடித்துவிட்டது. ரோட்டுக்கு அடியில் போடுகிற ஜல்லியில் ஒரு வரிசை குறைக்கிறேன் என்றார்.

"பாலம் அகலமா வேணாம். பாதி போதும்."

நெசவுத் தெருக்காரர் சாக்கடை ஆழத்தைக் குறைத்தார். இனி அதில் தண்ணீர் ஓட வேண்டுமானால் தண்ணீர் மனது வைக்க வேண்டும். பாவா சிமெண்டைக் குறைத்தார்.

"கம்பி கம்மியா போட்டா போதும்" என்றாள் அவள். 

செயலரால் தாங்க முடியவில்லை. "இன்னும் ஒரு சுத்து போச்சின்னா பாலமே இருக்காதும்மா. கால்வாய் மட்டுந்தான் இருக்கும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலி நுனியில் இருந்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கூடத்துப் பாயில் இதே முகத்தோடு உட்கார்ந்து தள்ளிய பெண்கள் எத்தனை பேர். யாருக்கு உயிர் போகிற அவசரமோ அவள்தான் அதிகம் இழப்பாள். அவசரமே இல்லாதவள் காபியைக் குடித்துவிட்டு லாபத்தோடு வீட்டுக்குப் போவாள். அங்கே இழந்தது பணம். இங்கே இழப்பது பாலத்தின் கம்பி. அந்தப் பாலத்தின் மேல்தான் அவள் பெண் போகப்போகிறாள்.

மேஜையில் ஓங்கி அடித்தேன். டம்ளரில் இருந்த தண்ணீர் செயலரின் மடியில் கொட்டியது.

"போதும்! தள்ளு கிடையாது. யாரும் ஒண்ணியும் கொறைக்க வேணாம். ரோடுன்னா ரோடு, பாலம்னா பாலம், முழுசா. ஏலத்த மாத்திப் போடறேன். யாருக்கு மொதல்ல வேணும்னு கேக்க மாட்டேன். யாரால காத்துகினு இருக்க முடியும்? எத்தினி தவணை? சொல்லுங்க. அதுக்குத்தான் ஏலம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்படி ஒரு ஏலத்தை யார் கண்டார்கள்?   ஆனால் பாவாவை எனக்கு நன்றாகத் தெரியும். மனிதர் மோசமில்லை, பணத்தை விட்டாலும் விடுவார், பந்தாவை விடமாட்டார்.

நெசவுத் தெருக்காரரைப் பார்த்து, "அண்ணா, உங்க தெருவுல எல்லாம் ஒழைக்கிற ஜனம், பொறுமையான ஜனம். ஒரு தவணை காத்துக்க மாட்டீங்களா?" என்றேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு இன்னா, ரெண்டே காத்துக்குவோம்."

"பாவாவ நான் கேக்கல. பாவம், பெரிய தெருவால முடியாது. மழை வந்தா அவரு மோட்டார் சைக்கிள் சேத்துல நின்னுடும். வூட்டாண்ட போய்ச் சேரவே முடியாது."

"யாருக்கு முடியாது?" பாவாவின் மீசை எழுந்துகொண்டது. "நெசவுத் தெரு ரெண்டுன்னா பெரிய தெரு மூணு."

"நாலு" என்றார் நெசவுத் தெருக்காரர். பாவு காத்திருப்பதை அவர் மறந்துவிட்டார்.

"எங்க தெருவும் இருக்குது, எங்கள ஏன் கேக்கல?" என்று இதுவரை தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு உறுப்பினர் விழித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் முதல், நான் முதல் என்று அடித்துக்கொண்டவர்கள், இப்போது நான் கடைசி, நான் கடைசி என்று மேஜையைத் தட்டினார்கள். கடைசியில் பாவா எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னாயா சில்லறைப் பேச்சு! எல்லாத் தெருவும் எடுத்துகினு முடிச்ச பிற்பாடு எங்க தெரு. ஆங், எழுதிக்கோ!"

"ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டேன். அவர் உட்காரும்போதே முகம் மாறியது. வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம், அதாவது எங்கள் அக்காவிடம், என்ன சொல்லப்போகிறோம் என்று அப்போதுதான் நினைத்திருப்பார். காத்திருப்பதாகச் சொல்லாத ஒரே தெருவாக மிஞ்சியது ஏரிக்கோடித் தெரு. அந்தத் தெருக்காரி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செயலரின் ஈர வேட்டியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

அதோடு முடிந்ததா? ஒரே தெருவுக்கு மொத்தத் தவணையா என்று மேலே ஒரு அதிகாரி சந்தேகப்பட்டார். மற்றத் தெருக்களுக்குப் பாரபட்சம், நாளைக்குப் புகார் வரும் என்று நிறுத்தி வைத்தார். உறுப்பினர்கள் எல்லோரையும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். ஒவ்வொருவராக, "எங்க தெருவுக்கு இப்ப வேணாம் சார்" என்றார்கள். அவர் சர்வீஸில் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "இவங்களுக்கு என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஷேர் ஆட்டோவுக்குச் சார்ஜ் குடுத்தேன் சார். வேணும்னா உங்களுக்கும் ஒரு டீ சொல்றேன்."

பாவா முன்னால் வந்து, "நான்தான் சார் கடைசி" என்று தன் பெருமையைச் சொன்னார். அனுமதி கிடைத்துவிட்டது.

ஆவணி பாதியில் வேலை தொடங்கியது. ஒப்பந்தக்காரர் அடித்தளம் போட்டுவிட்டு, முதல் பில்லுக்குப் பணம் வந்தால்தான் மேலே கை வைப்பேன் என்று கலவை மிஷினை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பணம் போக வேண்டுமானால் என் கையெழுத்தும் துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். இப்போது பேனாவால் போடுகிற கையெழுத்து இல்லை; ஆளுக்கு ஒரு சின்னக் குச்சி கொடுத்திருக்கிறார்கள், கணினியில் செருகினால்தான் கையெழுத்து. என்னுடையதை நான் நகைப்பெட்டியில் வைத்திருந்தேன். பாவா, அரசாங்கம் கொடுத்த அதிகாரம் உடம்போடு இருக்க வேண்டும் என்று, அதை அரைஞாண் கயிற்றில் பீரோ சாவியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கட்டியது பெரிதில்லை. அதோடு கிணற்றில் குதித்து நீச்சல் அடித்திருக்கிறார்.

செயலர் குச்சியைச் செருகினார். கணினி கண்டுகொள்ளவில்லை. கழற்றி ஊதிவிட்டுச் செருகினார். வேட்டியில் துடைத்துச் செருகினார். புதிது வேண்டுமென்றால் எழுதிப் போட்டு வரவழைக்க வேண்டும், ஐப்பசி போய்விடும் என்றார். நான் பாவாவைத் திட்டிய திட்டில் முறை, மரியாதை எல்லாம் காற்றில் போயிற்று. அவர் முதன்முறையாக எதிர்த்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "தப்பாய்ப் போச்சும்மா" என்றார்.

ஏரிக்கோடித் தெருக்காரி தினமும் வந்து நிற்பாள். வானத்தைப் பார்ப்பாள். பாதியில் நிற்கிற பாலத்தைப் பார்ப்பாள். என்னை ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

செல்போன் நனைந்தால் அரிசியில் போடுவார்களே என்று அக்காதான் அதை வாங்கி அரிசிப் பானையில் புதைத்தாள். மறந்துபோய் அந்த அரிசியிலேயே உலையும் வைக்கப் போனாள். களைவதற்கு அள்ளும்போது கையில் தட்டுப்பட்டு அலறியிருக்கிறாள். இரண்டாவது முறை நனைவதற்கு முன் பிடுங்கிக்கொண்டு பாவா என் வீட்டுக்கு ஓடி வந்தார். ஆபீஸில் செயலர் சாமியைக் கும்பிட்டுவிட்டுச் செருகினார். ஏற்றுக்கொண்டது. எங்கள் ஊரின் நிதி அதிகாரம் தவிட்டு வாசனையோடு திரும்பி வந்தது.

பாலம் முடிந்தது. முழு அகலம், முழுக் கம்பி, இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். சாக்கு போட்டு நனைத்து, நாள் கடந்து, மழை தொடங்கிய வாரத்தில் இன்ஜினியர் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்து, வண்டி போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்தத் தெருவில் யாரிடம் வண்டி இருக்கிறது? சைக்கிளும் ஆடும்தான் போய்க்கொண்டிருந்தன.

ஏரி கோடி போன மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்ல மழை. பாலத்துக்கு அடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. ஆம்புலன்ஸ் வந்து நின்றிருந்தது. எப்போதும் நிற்கிற இடத்தில், கால்வாய்க்கு இந்தப் பக்கம். ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து அதே கயிற்றுக் கட்டிலில் பெண்ணைப் படுக்க வைத்து, மேலே தார்ப்பாய் பிடித்து, ஆண்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனுக்கும் தோன்றவில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை. பாலத்தின் மேல் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்!

கட்டிலோடு வந்த தாய் நடுப்பாலத்தில் நின்றுவிட்டாள். வண்டியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"நில்லுங்கடா. கட்டிலத் திருப்புங்க."

"எதுக்குக்கா?" என்றான் தூக்கியவன்.

"திருப்புடான்றேன்! வண்டி உள்ள வரும்."

"யம்மா!" என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து பெண் அலறினாள். "வண்டி எதுருலதான கீது, ஏத்திடும்மா!"

"வூட்டாண்ட வரும். கம்முனு படு."

"பாலம் எனக்கா கட்டுன, ஒனக்கா கட்டுன?"

"ரெண்டு பேருக்குந்தாண்டி."

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் மழையில் இறங்கி ஓடிப்போய்ப் பெண்ணைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் ஏதாவது ஒன்று செய்யுங்கள் என்றாள். உள்ளே வந்தால் திருப்ப இடம் இருக்காது என்று ஓட்டுநர் இழுத்தான்.

நியாயமாக நான் அந்தத் தாயைத்தான் திட்டியிருக்க வேண்டும். வலியில் துடிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு என்ன வீம்பு இது என்று வாயைத் திறந்தேன். பாலத்தின் நடுவில் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்ற அவள் முகத்தைப் பார்த்தேன். வார்த்தை மாறி ஓட்டுநர் மேல் போய் விழுந்தது.

"இன்னாயா பாத்துகினு நிக்கிற? திருப்ப எடம் இல்லன்னா ரிவர்ஸுல போ!"

வண்டி பின்பக்கமாகப் பாலத்தில் ஏறியது. கட்டிலைத் தூக்கியவர்கள் அதற்கு முன்னால் ஓடினார்கள். தெருவே வெளியே வந்து, வா வா, இந்தாண்ட ஒடி, அந்தாண்ட ஆடு கீது என்று வழிகாட்டியது. அவள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஓலைக் கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் வண்டியின் மேல் சொட்டியது. பெண்ணை எழுப்பி, ஒரு கையைத் தாயும் ஒரு கையை நர்ஸும் பிடித்து, சொந்த வாசலில் இருந்து ஏற்றினார்கள். அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் ஏறினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

கதவைச் சாத்தப் போன ஓட்டுநர், "அங்கயே ஏத்தியிருந்தா இந்நேரம் பாதி தூரம் போயிருக்கலாமேம்மா" என்றான்.

"நாங்கதான் நைனா எப்பவும் ஒங்க வண்டியாண்ட வந்தோம்" என்றாள் அவள், உள்ளே பெண்ணின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு. "இன்னிக்கி அது எங்களாண்ட வரட்டும்."

அவன் முன்னால் போய் ஏறி வண்டியைக் கிளப்பினான். குறுக்கே ஆள் யாரும் இல்லை. எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்தோம். ஜன்னலைத் திறந்து அவள் கத்தினாள்:

"சத்தத்தப் போடு நைனா!"

அவன் சைரனைப் போட்டான்.